வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை: இணைய வரைபடத்தில் எமது பெயர்கள்

கொழும்பில் நீதிமன்றத் தொகுதி இருக்கும் இடத்தை நாம் புதுக்கடை என்கிறோம். சிங்களத்தில் அது அளுத்கடே. ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப், 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் வந்தது. வழக்குத் தவணைக்காகக் கிளிநொச்சியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ் ஏறி வரும் ஒரு தாய்க்குத் தெரிந்த பெயர் புதுக்கடை மட்டும்தான். கைத்தொலைபேசியில் அந்தப் பெயரைத் தமிழில் தட்டினால் இடம் வரவேண்டும். அது வருவதும் வராததும், அந்த இடத்தின் தமிழ்ப்பெயரை யாராவது ஒருவர் வரைபடத்தின் தரவுத்தளத்தில் எழுதி வைத்திருக்கிறாரா என்பதில்தான் தங்கியிருக்கிறது. கணினிக்குத் தானாகத் தெரியாது. ஆங்கில எழுத்தை அப்படியே தமிழாக்கி 'ஹல்ஸ்டோர்ப்' என்று காட்டத்தான் அதற்குத் தெரியும்.

கொழும்பு முழுக்க இப்படித்தான். ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்பது எமக்குச் செட்டியார் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய. பெட்டா என்பது புறக்கோட்டை. சின்னமன் கார்டன்ஸ் என்பது கறுவாத்தோட்டம். மட்வால் என்பது முகத்துவாரம். மவுண்ட் லவீனியா என்பது கல்கிசை. ஸ்லேவ் ஐலண்டை ஒரு தமிழரும் அடிமைத்தீவு என்று சொல்வதில்லை, அது கொம்பனித்தெரு. ஒலியை மட்டும் பெயர்க்கும் மென்பொருள் இவற்றில் ஒன்றையும் சரியாகச் சொல்லாது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒலியில் நெருக்கமானவை என்றாலும், 'வெல்லவட்டே', 'கொட்டஹேனா' என்றெல்லாம் செயலிகள் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிறிய தமிழ் இணையத்தளங்களுக்கு வரைபடம் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்பவன். அந்த வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் அண்மைய மாற்றங்களையும் ஒரே இடத்தில் தருகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் முதற்பாதியையும் கடைசிப் பகுதியையும் படிக்கலாம். கடைசிப் பகுதியைக் கட்டாயம் படிக்கவும்.

இரண்டு வரைபடங்கள்

எம்மவர் பெரும்பாலும் பயன்படுத்துவது கூகுள் மப்ஸ். அது 2005 பெப்ரவரியில் தொடங்கியது. பொதுமக்களே வீதிகளை வரைய இடமளித்த 'மப் மேக்கர்' என்ற வசதி 2008இல் வந்து 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இப்போது செயலிக்குள் இருந்து திருத்தம் பரிந்துரைக்கலாம். ஏற்பதும் விடுவதும் அவர்கள் கையில். நீங்கள் கொடுத்த பெயர்களை ஒரு கோப்பாகத் திருப்பிக் கேட்டால் கிடைக்காது.

மற்றது ஓப்பன்ஸ்ட்ரீட்மப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரித்தானியாவில் தொடங்கியது. யாரும் திருத்தலாம், யாரும் முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். இலங்கைக்கு மட்டுமான தரவுக் கோப்பை ஜெர்மனியின் ஜியோஃபப்ரிக் நிறுவனம் நாள்தோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. இலவசம்தான், ஆனால் தரவின் மூலத்தை வரைபடத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ள அதன் உரிமத்தின் நிபந்தனை. இது எமக்குப் புதிய விடயமும் அல்ல. 2012, 2013 காலப்பகுதியில் உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து நடத்திய திட்டமொன்றில் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதே வரைபடத்தில் பதியப்பட்டன. வெள்ளம் வந்தால் எந்தக் கட்டடம் எங்கே என்று அறிவதற்காகச் செய்யப்பட்ட வேலை அது.

எதில் உழைப்பைப் போடுவது என்று கேட்டால், தமிழ்ப்பெயர்களை முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் போடுங்கள் என்பேன். நாளைக்கு ஒரு நிறுவனம் தன் கொள்கையை மாற்றினாலும் அந்தப் பெயர்ப்பட்டியல் எமது கையில் இருக்கும். கூகுளிலும் திருத்தம் பரிந்துரையுங்கள், அந்தத் தாயின் தொலைபேசியில் இருப்பது அதுதானே.

தமிழ்ப்பெயரை இடுவது எப்படி

ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் கணக்கொன்றைத் திறந்து, உலாவியிலேயே இயங்கும் 'ஐடி' தொகுப்பானில் ஒரு வீதியைத் தெரிவுசெய்தால் பெயருக்கான பெட்டி தெரியும். அதன் அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் வேறு மொழிப் பெயர்களைச் சேர்க்கலாம். தமிழைத் தெரிவுசெய்து எழுதுங்கள். பிரதான பெயர்ப்பெட்டியில் உள்ள சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ அழித்துவிட்டுத் தமிழைப் போடவேண்டாம். அப்படிச் செய்தால் இன்னொருவர் மாற்றுவார், நீங்கள் திரும்ப மாற்றுவீர்கள், கடைசியில் பூட்டப்படும் கணக்கு உங்களுடையதாக இருக்கும். தமிழுக்கான பெட்டி தனியாக இருக்கிறது. அதை நிரப்புவதை யாரும் தடுப்பதில்லை.

அதே இடத்தில் 'பழைய பெயர்', 'மாற்றுப்பெயர்' என்ற பெட்டிகளும் உண்டு. இவற்றைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளவத்தையின் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை முன்பு ஹை ஸ்ட்ரீட். 1983இல் கப்பலேறிப் போய், நாற்பது ஆண்டுகளாகத் திரும்பாத ஒருவருக்கு ஹை ஸ்ட்ரீட்தான் நினைவில் இருக்கும். பழைய பெயரையும் பதிந்துவைத்தால் தேடலில் இரண்டும் ஒரே வீதியைக் காட்டும்.

எதைப் பார்த்து எழுதுவது? வீதிப் பெயர்ப்பலகை, உங்கள் நேரடி அறிவு, அந்த ஒழுங்கையில் வாழ்பவர்களின் வழக்கு. கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பிரதிபண்ணக் கூடாது, அது உரிமத்துக்கு மாறானது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. பெயர்ப்பலகையில் உள்ள தமிழ் எத்தனை இடங்களில் பிழையாக இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி, ஆனால் பலகை எழுதுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லைப் போலும். பலகையில் பிழை இருந்தால் சரியான எழுத்தையே தமிழ்ப் பெட்டியில் இடுங்கள். பிழையான வடிவம் பரவலாக வழங்கினால் மட்டும் அதை மாற்றுப்பெயராகச் சேர்க்கலாம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினியில் உள்ளது உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழ்போலக் காட்டுகிறது. அதை அப்படியே வரைபடத்தில் ஒட்டினால் உலகத்துக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பழைய பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வீதிகளுக்கு இன்னும் தமிழ்ப்பெயர் இல்லை என்று அறிய 'ஓவர்பாஸ் டர்போ' என்ற தளம் உதவும். வெள்ளவத்தையைத் திரையில் கொண்டுவந்து, 'பெயர் உண்டு, தமிழ்ப்பெயர் இல்லை' என்ற நிபந்தனையோடு வீதிகளைக் கேட்டால் அவற்றை மட்டும் நிறமிட்டுக் காட்டும். ஹம்டன் ஒழுங்கை, இராமகிருஷ்ண வீதி, உருத்திரா மாவத்தை, மறுபக்கத்தில் ஜம்பட்டா வீதி, புனித லூசியா வீதி என்று ஒரு மாலைப்பொழுதில் கணிசமாகச் சரிபார்த்துவிடலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக்கூட இது நல்ல வேலை.

நிரலாளர்களுக்கு: எழுத்து உடையும் இடம்

தரவில் தமிழ் சரியாக இருந்தும் திரையில் பிழைப்பது அடுத்த சிக்கல். காரணம் தெரியாமல் பலர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நாளை வீணாக்குகிறார்கள்.

சாதாரண இணையப் பக்கத்தில் தமிழை ஒழுங்குபடுத்துவது உலாவி. 'வெ' என்பது தரவில் முதலில் 'வ', பின்னர் கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை முன்னால் நகர்த்தி வரைவது உலாவியின் எழுத்துக்கோப்பு இயந்திரம். ஆனால் மப்பொக்ஸ், அதிலிருந்து 2020 டிசம்பரில் திறந்த மூலமாகப் பிரிந்த மப்லிப்ரே போன்ற வெக்ரர் வரைபட நூலகங்கள் பெயர்களைத் தாங்களே வரைகின்றன. ஒவ்வொரு குறிக்கும் முன்கூட்டியே செய்த படத்தை எடுத்து, தரவில் உள்ள வரிசைப்படி இடமிருந்து வலமாக ஒட்டுவது அவற்றின் வழக்கமான முறை. கொம்பை நகர்த்தத் தெரியாது. எனவே வெள்ளவத்தையில் 'வ' முதலில் வந்து கொம்பு அடுத்த எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், கடைசி ஐகாரம் 'த'வுக்குப் பின்னால் தொங்கும். கொட்டாஞ்சேனையில் மூன்று இடத்தில் உடையும். கொழும்பும் உடையும். புதுக்கடையும் உடையும், மருதானையும் அப்படியே. அரபு, எபிரேய எழுத்துகளுக்கு ஒரு சொருகி நெடுநாளாக உண்டு. தமிழுக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டியிருக்கிறது.

எளிய வழி: படத்துண்டுகளாக வரும் வரைபடத்தை லீஃப்லெட் நூலகத்தோடு பயன்படுத்துவது. அங்கே எழுத்துகள் வழங்கியிலேயே சரியாகக் கோக்கப்பட்டுப் படமாக வருகின்றன. வெக்ரர்தான் வேண்டும் என்றால், அதன் பெயர் அடுக்கை அணைத்துவிட்டு, முக்கியமான இருபது முப்பது பெயர்களைச் சாதாரண எச்.ரி.எம்.எல். குறிகளாக வரைபடத்தின்மேல் வையுங்கள். அவற்றை உலாவியே கோப்பதால் தமிழ் சரியாக வரும். எந்தப் புதிய பதிப்பைப் போட்டாலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்ற இரண்டு சொற்களையும் முதலில் திரையில் பாருங்கள். இதைவிடச் சிறந்த சோதனைச் சொற்கள் கிடையாது.

தேடலிலும் இதற்கு உறவான ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் 'என்.எஃப்.சி.' சீராக்கத்தைச் செய்துவிடுங்கள். எண்ணால் பெயரிட்ட ஒழுங்கைகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருப்பது 57ஆவது ஒழுங்கையில். மக்கள் அதை 57ஆம், 57ம், 57வது என்று பலவிதமாக எழுதுவார்கள். எண்ணுக்குப் பின்வரும் விகுதியை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும். வீட்டிலக்கத்தை எண்ணாகச் சேமிக்கவே வேண்டாம். '45-2/1' என்பது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சாதாரண இலக்கம். எக்செல் கோப்பில் '2/1' என்று எழுதினால் அதைத் திகதியாக மாற்றிவிடும். நிரலை எழுத்து வகையென்று முன்கூட்டியே அமையுங்கள்.

அகலக்கோடு, நெடுங்கோடு வரிசை பற்றிப் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். லீஃப்லெட்டும் கூகுளும் அகலக்கோட்டை முதலில் கேட்கும். ஜியோஜேசன் கோப்பில் நெடுங்கோடு முதலில். வெள்ளவத்தை ஏறத்தாழ வடக்கு 6.87, கிழக்கு 79.86. மாறிப்போனால் உங்கள் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பனிக்கடலில் ஒரு தோசைக்கடை தெரிந்தால் காரணம் இதுதான்.

கட்டணமும் புதிய பதிப்புகளும்

கூகுள் வரைபடத்தைத் தளத்தில் பொருத்துவோருக்கு 2018 யூலை முதல் மாதம் 200 டொலர் சலுகை இருந்தது. சாதாரண அசையும் வரைபடமென்றால் அது ஏறக்குறைய 28,500 முறை திறக்கப் போதுமானது. 2025 மார்ச் 1 முதல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு வந்துள்ளது. அசையும் வரைபடத்துக்கு மாதம் 10,000. அதற்குமேல் ஆயிரத்துக்கு 7 டொலர் என்பது பட்டியல் விலை. தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றில் மே மாத நினைவுக் கட்டுரையோடு வரும் வரைபடம் 40,000 முறை திறக்கப்பட்டால் 210 டொலர் கட்ட வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் நாளொன்றுக்கான உச்ச அளவைப் போட்டுவிடுங்கள். சாவியை உங்கள் தள முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதை எடுத்து வேறொருவர் பாவிப்பார், கட்டணம் உங்களுக்கு வரும். கட்டுரைக்கு ஒரு படம் போதுமென்றால் படத்தை வைத்து, வாசகர் அழுத்தினால் மட்டும் அசையும் வரைபடத்தைத் திறக்கச் செய்வது இன்னும் நல்லது. வன்னியில் டேட்டா காசு கொடுத்துப் படிப்பவருக்கும் அது உதவி.

கூகுளின் பழைய வரைபடக் குறி 2024 பெப்ரவரி முதல் கைவிடப்படும் பட்டியலில் உள்ளது. இயங்கும், ஆனால் புதிய வேலைக்குப் புதிய குறியையே பயன்படுத்துங்கள். அதற்கு வரைபட அடையாள இலக்கம் ஒன்று தேவை. பழைய இடத்தேடல் பெட்டி 2025 மார்ச் முதல் புதிய வாடிக்கையாளருக்குக் கிடையாது. லீஃப்லெட்டின் 2.0 முன்னோட்டம் 2025இல் வந்தது. பழைய குறுக்குவழி எழுத்துமுறை அதில் எடுபடாது என்பதால் நடந்துகொண்டிருக்கும் தளங்களுக்கு 1.9 வரிசை போதும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பின் வழங்கிகள் நன்கொடையில் ஓடுபவை. படத்துண்டுகளை மொத்தமாக இறக்கிச் சேமிப்பதற்கு அனுமதியில்லை. அதன் முகவரித் தேடலான நொமினாட்டிமின் பொது வழங்கியை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது, தட்டத் தட்டப் பரிந்துரை காட்டவும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் தடுத்துவிடுவார்கள்.

வரைபடத்தில் போடக் கூடாதவை

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தமிழர் வீடு எதுவென்று அவர்கள் தேடித் திரியவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. 1983இல் பெயரும் முகவரியும் ஒன்றாகச் சேர்ந்த பட்டியல்தான் கருவி. இன்று அந்தப் பட்டியலை நாமே வரைபடமாகச் செய்து பொதுவெளியில் வைத்துவிடக் கூடாது.

கடை, கோயில், தேவாலயம், வைத்தியசாலை, சங்கம், வீதி ஆகியவற்றைப் பதியலாம். தனி வீட்டில் குடியிருப்பவரின் பெயரை எந்த வரைபடத்திலும் எழுதக் கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப் சமூகத்தின் நடைமுறையும் அதுவே. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், முன்னாள் கைதிகள், சாட்சிகள் ஆகியோரின் இருப்பிடம் தெரியும்படியான வரைபடத்தை ஓர் ஆய்வுக்காகவோ செய்திக்காகவோ கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை. மாவட்டமாகத் தொகுத்து நிறமிட்டுக் காட்டச் சொல்வேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை நம்பி ஒரு புள்ளியைப் போட நான் தயாரில்லை.

புள்ளி போட்டே ஆகவேண்டும் என்றால் தசம இடங்களைக் குறையுங்கள். எமது அகலக்கோட்டில் ஐந்து தசம இடம் என்பது ஏறத்தாழ ஒரு மீற்றர், அதாவது வாசற்கதவு. நான்கு என்றால் 11 மீற்றர், வீடு. மூன்று என்றால் 110 மீற்றர், ஒழுங்கை. இரண்டு என்றால் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல்; அப்போதுதான் 'வெள்ளவத்தையில் எங்கோ' என்ற அளவுக்கு வரும். இந்தக் குறைப்பைத் திரையில் மட்டும் செய்தால் பயனில்லை. பக்கத்தின் மூலநிரலைத் திறப்பவருக்கு முழு எண்ணும் தெரியும். வழங்கியில் சேமிக்கும்போதே வெட்டிவிட வேண்டும்.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். 'ஆவணம்' என்று அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ நீங்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடும் பயனர்பெயரோடும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். தன் வீட்டைச் சுற்றியே முதலில் திருத்துவது மனித இயல்பு. ஆகவே உண்மைப் பெயரைப் பயனர்பெயராக வைக்காதீர்கள், முதல் திருத்தங்களை வேறு இடத்தில் தொடங்குங்கள்.

தனிப்பட்ட விபரம் ஏதாவது ஏற்கெனவே ஏறியிருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் அதை அழிப்பது மட்டும் போதாது, பழைய பதிப்பு வரலாற்றில் இருக்கும். அதன் தரவுப் பணிக்குழுவுக்கு எழுதினால் வரலாற்றிலிருந்தும் மறைத்துவிடுவார்கள். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ படத்தில் உங்கள் வீடு தெரிந்தால், படத்தின் ஓரத்தில் உள்ள 'சிக்கலை அறிவி' என்பதை அழுத்தி மங்கலாக்கக் கேட்கலாம். ஒருமுறை மங்கலாக்கினால் அதைத் திருப்ப முடியாது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.